கடகமும் ஜாம் போத்தலும்
(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு பக்ரறியில் நிற்கிற நான் மேடையில் என்னத்தைப் பேசுறது எண்டு யோசித்தேன். வேலைத்தலத்தில் நடந்ததையே சொல்லுறன்.

போன மாரியில் என்னோடு பக்கிங் லைனில் நிற்கிற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை போனில் ஒரு படம் காட்டினா. கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு விளக்கு. பழைய காலத்துப் பாணியாம், நாற்பது டொலராம். வீட்டில் பாண் சுடுறதும், கம்பளி பின்னுறதும், பாட்டி காலத்துக் கோப்பை தேடுறதும் இப்ப இஞ்சை இளம் ஆக்களுக்கு ஒரு ஆசை. 2020இல் கொரோனாவுக்கு அடைபட்டு இருந்தபோது கடைகளில் மாவும் ஈஸ்டும் இல்லாமல் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும். பிறகு வன்னி. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்ச எண்ணெய், கம்பியில் ஒரு திரி. போத்தலே சிமினி. அந்த வெளிச்சத்தில்தான் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்புக்குப் படித்தேன். சவுக்காரம் இல்லாவிட்டால் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்ப்பம். அதுக்கு நாங்கள் பாணி எண்டு பேர் வைக்கேல்லை.

அதால்தான் அந்தச் சாமான்களில் எனக்கு ஒரு வெட்கம் இருந்தது. அம்மா 2016இல் வந்தபோது இரண்டு பனையோலைக் கடகமும் ஒரு நீத்துப்பெட்டியும் கொண்டுவந்தா. ஆரும் வீட்டுக்கு வந்தால் அதுகளை பேஸ்மென்றுக்குள் ஒளிப்பேன். ஒரு கடகத்தைக் குப்பை எடுக்கிற நாளில் வெளியே வைத்துவிட்டேன். அம்மா ஒண்டும் கேட்கேல்லை.

அந்தப் பிள்ளை ஒரு நாள் வீட்டுக்கு வந்து, மிஞ்சின கடகத்தைக் கையில் தூக்கி, இது எப்படிச் செய்யுறது எண்டு கேட்டா. அம்மா சொல்ல நான் மொழிபெயர்த்தேன். குருத்தோலை வெட்டிக் காயவிட வேணும், ஈர்க்கு நீக்க வேணும், அளவாக வார வேணும், ஈரப்பதத்தில் பின்ன வேணும். அதெல்லாம் நானும் அண்டைக்குத்தான் முதல் கேட்டது. அம்மாவின் விரலில் ஈர்க்குக் கீறின தழும்பையும் அண்டைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன்.

எங்கடை மிசிசாகாவிலேயே ஏரிக்குக் கிட்ட பிராட்லி மியூசியம் இருக்கு. 1830இல் கட்டின பண்ணை வீடு. கட்டினவர்கள் அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியப் பக்கம் நிண்டு இடம்பெயர்ந்த சனத்தைச் சேர்ந்தவர்கள். எங்கடை சொல்லில் அகதிகள். அவர்களின் வீட்டைக் காப்பாற்றி வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுகினம். நான் எங்கடை கடகத்தைக் குப்பையில் வைத்தேன்.

இது வெள்ளையரின் விஷயம் மட்டுமில்லை. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் தகப்பன், சேர் முத்து குமாரசுவாமி, தமிழர். இங்கிலாந்தில் கைவேலைக்குத் திரும்ப உயிர் குடுக்கப் பாடுபட்டவர் வில்லியம் மொறிஸ். கண்டிப் பக்கத்துக் கைவினைஞரைப் பற்றிக் குமாரசுவாமி எழுதி 1908இல் வெளிவந்த புத்தகம், மொறிஸ் பாவித்த அச்சியந்திரத்திலேயே அச்சானது. ஏ.எல்.இல் இதை எனக்கு ஆரும் படிப்பிக்கேல்லை.

இஞ்சை பனையோலைக்கு எங்கே போறது? இருக்கிற ஓலையும் மாரியில் ஹீற்றர் காத்துக்கு வெடிக்குது. பக்ரறியில் பெட்டி கட்டுற பிளாஸ்டிக் பட்டியில் வெட்டி எறியுற துண்டுகளை சுப்பவைசரைக் கேட்டுக் கொண்டுவந்தேன். “இது மடங்குமோ தம்பி?” எண்டு கேட்ட அம்மா இரண்டு நாளில் ஒரு கடகம் முடித்துவிட்டா. அந்தப் பிள்ளை விலை கேட்டா. என்ரை மணிச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தேன், நூறு டொலருக்கு மேலே வந்தது. அம்மா சிரிச்சா. ஊரில் ஒரு கடகத்துக்கு நாலு தேங்காய் கிடைத்தால் பெரிசாம்.

ஆனால் ஒண்டு. பழைய வீட்டுப் பாணி எண்டு சொல்லி, ஷிப்ற் முடிந்து வாற பொம்பிளையளை மட்டும் திரும்ப அடுப்படிக்கு அனுப்புறதெண்டால் நான் அந்தப் பக்கம் இல்லை. நானும் பின்னப் பழகுறன். அடி சரியாக வருது, விளிம்புதான் கோணுது.

அம்மா பின்னுக்கு, தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறா. இரண்டு பை நிறையப் பட்டி இருக்கு, கத்தரிக்கோல் ஒண்டுதான். பிள்ளைகளோடு போய் இருங்கோ. அம்மாவோடு தமிழில்தான் கதைக்க வேணும்.