கூடாரத்தில் ஒரு கஞ்சிரா



போன ஆவணி மாதம் நண்பர்கள் நாலு பேர் ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டோம். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒருவர் தம் சொந்த நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்க இடம் விடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். இரண்டு ராத்திரி தங்குவதாகத் திட்டம். வண்டியில் சாமான் ஏற்றும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. கிட்டாரை வைத்தால் கேஸ் அடுப்புக்கு இடமில்லை, அடுப்பை வைத்தால் கிட்டாருக்கு இடமில்லை. "சோறு வேணுமா, பாட்டு வேணுமா, இப்பவே முடிவு பண்ணிக்குங்க" என்றார் வண்டி ஓட்டுகிற நண்பர். கடைசியில் அடுப்பு டிக்கிக்குள் போனது. கிட்டார் போளூர் வரை ஒருவர் மடியிலும், அதற்கு மேலே கொண்டையூசி வளைவுகளில் இன்னொருவர் மடியிலும் வந்தது. புல்லாங்குழலை அதன் சொந்தக்காரர் வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தார். என்னுடையது கஞ்சிரா. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான், துண்டில் சுற்றிப் பைக்குள் செருகினால் வேலை முடிந்தது.

இதே வட்டாரத்தில், இதே மாதிரி, வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு மலையேறிய ஒரு கூட்டத்தைப் பற்றி ஒரு முழு நூலே இருக்கிறது. பத்துப்பாட்டில் கடைசியாக வரும் மலைபடுகடாம். பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற ஒரு கூத்தன், எதிரே வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு அது. புலவர் தொடங்குவதே வாத்தியப் பட்டியலோடுதான். முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று போகிறது. இவ்வளவையும் எப்படிச் சுமந்தார்கள் தெரியுமா? பைகளில் போட்டு, இரண்டு பக்கமும் எடை சமமாக வரும்படி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார்கள். பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல இருந்ததாம். இன்றைக்கு முதுகுப்பை விற்கிற கடைக்காரர் எடையைச் சமமாகப் பிரித்து அடுக்கச் சொல்கிறாரே, அதே சங்கதி.

அந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அடர்ந்த புதருக்குள் வரிசையாக நடக்கும்போது முன்னால் போகிறவர் ஒரு கொம்பை விலக்கிவிட்டுப் போவார். அது விசையோடு திரும்பி வந்து பின்னால் வருபவரை அடிக்கும். மலையேறிய எல்லாரும் ஒரு முறையாவது வாங்கிய அடிதான். யாராக இருந்தாலும் முகத்தைப் பார்த்துக்கொள், கண்ணைப் பார்த்துக்கொள் என்று சொல்வார்கள். இந்தக் கூத்தன் என்ன சொல்கிறான்? யாழின் பத்தரையும் முழவின் கண்ணையும் காப்பாற்றிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் விடாமல், மெல்ல மெல்லப் போங்கள் என்கிறான். பத்தர் என்றால் யாழின் குடம், கண் என்றால் முழவில் அடிக்கிற முகம். ஆளுடைய கண்ணைப் பற்றி அவன் பேசவே இல்லை! மேளக்காரர் யாராவது பக்கத்தில் இருந்து எழுதினாலொழிய இப்படி ஒரு வரி வராது என்பது என் கட்சி.

சரி, நம் கதைக்கு வருகிறேன். சாயங்காலம் கூடாரம் அடித்து, நிலத்துக்காரர் கல் அடுக்கி வைத்திருந்த இடத்தில் தீ மூட்டி உட்கார்ந்தோம். காப்புக்காடு என்றால் தீ மூட்டுவது கூடவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிப் போன உயிர்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். இது பட்டா நிலம், பக்கத்திலேயே கிணறும் இருந்தது.

முதல் பாட்டு எடுத்ததுமே அபஸ்வரம். கிட்டார் ஒரு பக்கம் இழுக்கிறது, குழல் இன்னொரு பக்கம் இழுக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். உண்மையில் குற்றம் இருவர் மேலும் இல்லை. அடிவாரத்தில் பகலில் 35 டிகிரி வெயில் இருந்தது, மேலே ராத்திரி 18 டிகிரிக்கு இறங்கிவிட்டது. காற்று குளிர்ந்தால் அதில் ஒலி போகும் வேகம் குறையும். ஒரு டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர். குழலுக்குள் இருப்பதும் காற்றுதான். அதனால் குளிரில் குழலின் சுருதி இறங்கும், இந்த அளவு வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட கால் கட்டை இறங்கிவிடும். ஊத ஊத மூச்சுச் சூட்டில் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். கிட்டாரின் எஃகுத் தந்தி இதற்கு நேர்மாறு. குளிரில் சுருங்கி இறுகுவதால் சுருதி ஏறும். மூங்கிலை முறுக்க முடியாது, தந்தியை முறுக்கலாம். ஆகவே மலை மேல் குழல் எங்கே நிற்கிறதோ அங்கே கிட்டார்தான் இறங்கி வரவேண்டும். ஊரில் எப்போதும் தன் சுருதிக்கே எல்லாரையும் இழுக்கிற கிட்டார் நண்பர் அன்றைக்கு இறங்கி வந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் கஞ்சிரா இரண்டு பேருக்கும் உதவாமல் கிடந்தது. கச்சேரியில் கஞ்சிராத் தோலுக்கு உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவித்தான் அதன் சுருதியை இறக்குவார்கள். அங்கே நான் தொடவே வேண்டியிருக்கவில்லை, பனிமூட்டமே தடவிவிட்டது. தட்டினால் தொப் தொப்பென்று அட்டைப்பெட்டிச் சத்தம். நிலத்துக்காரரின் அப்பா, எழுபது வயதைத் தாண்டிய பெரியவர், ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், தொண்ட கட்டிக்கிச்சா? அனல்ல காட்டுங்க" என்றார். நான் அவசரமாகத் தீக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். "ஐயய்யோ, சுட்டுத் திங்கவா போறீங்க? இப்டி குடுங்க" என்று வாங்கி, ஒரு முழத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, அப்பளம் வாட்டுவது போலத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இரண்டே நிமிஷம். விரலால் சுண்டினார், 'டிங்' என்றது.

பறை அடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். வேப்பமரக் கட்டைகளை வளையச் சட்டமாகச் சேர்த்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டியது பறை. அடிப்பதற்கு முன்னால் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, தோலைக் காய்ச்சி எடுத்தால்தான் அது வாய் திறந்து பேசும். தீ இல்லாமல் பறை இல்லை. இவ்வளவு வாத்தியங்களில், ராத்திரி தீ மூட்டிச் சுற்றி உட்காருவதற்கென்றே பிறந்தது எது என்று என்னைக் கேட்டால் பறையைத்தான் சொல்வேன். கிட்டார் அங்கே விருந்தாளி.

கஞ்சிரா பற்றி இன்னொரு வார்த்தை. பழைய கஞ்சிராக்களில் இருப்பது உடும்புத் தோல். உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற பிராணி. தாத்தா காலத்துக் கஞ்சிராவைத் தூக்கிக்கொண்டு வனத்துறை சோதனைச் சாவடியில் போய் நின்று தாளம் வாசித்துக் காட்டாதீர்கள். என்னுடையது ஆட்டுத்தோல்தான், இதை ரேடியோவிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிட்டார் கொண்டு போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. குளிரைவிட அதற்குப் பெரிய எமன், வெயிலில் பூட்டி நிறுத்திய கார். உள்ளே ஏறும் சூட்டில் பசை இளகும். தந்தி இழுக்கிற இழுப்பில் பிரிட்ஜ் பெயர்ந்து எழும்பும். என்னுடைய முதல் கிட்டார் அப்படித்தான் போனது, ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில், நான் உள்ளே இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

சாமானைக் குறைக்கச் சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. துருவப் பயணி ஷாக்கிள்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915 ஜனவரியில் அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. பனி நெருக்கி நெருக்கி, அக்டோபர் 27 அன்று கப்பலைக் கைவிட வேண்டியதாயிற்று. பனிப்பாறை மேல் கூடாரம். ஆளுக்கு இரண்டு பவுண்டுக்கு மேல், அதாவது ஒரு கிலோகூட இல்லை, சொந்தச் சாமான் கூடாது என்று உத்தரவு. ஷாக்கிள்டன் தம்மிடமிருந்த தங்கக் காசுகளையே எல்லாரும் பார்க்கப் பனியில் எறிந்தார். ஆனால் வானிலை ஆய்வாளர் லியனார்ட் ஹஸ்ஸியின் பாஞ்சோவை மட்டும் அவரே எடுத்துவரச் சொன்னார். அதன் எடை பன்னிரண்டு பவுண்டு! ஒரு ஆளுக்கு அனுமதித்ததைப் போல ஆறு மடங்கு. இது நம் மனசுக்கு மருந்து என்பது அவர் சொன்ன காரணம்.

ஆறு மாதம் கழித்து 22 பேர் எலிஃபண்ட் தீவில், கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில் முடங்கிக் கிடந்தார்கள். தின்னப் பெங்குவினும் சீலும், எரிக்க அவற்றின் கொழுப்பு. நாலரை மாதம். உதவி தேடிப் படகில் போன ஷாக்கிள்டன் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை ராத்திரிகளில் ஹஸ்ஸி பாஞ்சோவை எடுப்பார். அவரவர் இட்டுக்கட்டிய பாட்டில் மற்றவர்களைக் கிண்டல் செய்வார்கள். 1916 ஆகஸ்ட் 30 அன்று மீட்புக் கப்பல் வந்தபோது 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். பாஞ்சோவும் பிழைத்தது. இன்று லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பெரிய எடையெல்லாம் நமக்கு வேண்டாம் என்றால் மவுத் ஆர்கன் இருக்கவே இருக்கிறது, சட்டைப் பையில் போய்விடும். 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் போன வால்டர் ஷிரா, ரகசியமாகச் சின்ன மவுத் ஆர்கன் ஒன்றைக் கொண்டுபோய், பூமியைச் சுற்றிக்கொண்டே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை வாசித்தார். கூடப்போன ஸ்டாஃபோர்ட் மணி குலுக்கினார். அதைவிட எட்டாத இடத்தில் யார் கூடாரம் அடிக்கப் போகிறோம்?

எங்கள் இரண்டாம் ராத்திரிக்கு வருகிறேன். சுருதி சேர்ந்துவிட்ட தைரியத்தில் பாட்டுக்குப் பாட்டு களைகட்டிவிட்டது. மணி பத்தரை. பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. பட்டியில ஆடு படுக்க மாட்டேங்குது. எல்லாம் நின்னுக்கினே இருக்குது." எங்கள் பாட்டுக்கு அவ்வளவு கவனமான ரசிகர்கள் அதற்கு முன்னும் பின்னும் வாய்த்ததில்லை. வாத்தியங்களை உறையில் போட்டோம்.

போட்ட பிறகுதான் மற்றதெல்லாம் காதில் விழுந்தது. சில்வண்டு, எங்கோ கீழே ஓடும் தண்ணீர், நாய், இன்னதென்று தெரியாத ஒரு பறவை. மலையில் எழும் ஓசைகளைப் பெருங்கௌசிகனார் அடுக்கிக்கொண்டே போகிறார், அருவி, யானை, குறவர் கூவல் என்று. நூலுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். அந்தக் கூத்தன் இன்னொன்றும் சொல்லி அனுப்புகிறான். வழியில் மலைமேல் கடவுள் இருக்கும் இடம் வரும், தொழுதுவிட்டுப் பேசாமல் போய்விடுங்கள், வீணாக வாத்தியத்தில் கை வைக்காதீர்கள், நன்னன் மலை, சட்டென்று மழை பிடித்துக்கொள்ளும் என்று. நண்பர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டே படுத்தேன். சிரித்தார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தின் ஒரு மூலை ஒழுகியது. இருந்த ஒரே குடை கிட்டாருக்குப் போனது. குழல்காரர் வேட்டியைக் குழலுக்குக் கொடுத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்கினார். விடிந்தபோது விறகெல்லாம் ஊறிப்போய்ப் புகைதான் வந்தது. டிக்கியிலிருந்து கேஸ் அடுப்பை இறக்கிப் பற்றவைத்தோம். முதலில் ஒரு முழத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கஞ்சிராவைக் காய்ச்சினேன். டீக்குப் பால் அதற்கப்புறம்தான் ஏறியது.