அம்மாவின் மிதியும் ஆச்சியின் விரிப்பும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசணும் தம்பி. தலைப்பு உன் இஷ்டம். ஆனா படிக்கிற பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார். நான் மின்கோபுரம் நிறுத்துகிற வேலையில் இருப்பவன். அதைப் பற்றித்தான் பேசுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் பேசப்போவது தையலைப் பற்றி. மெக்கானிக்கல் படித்தவன் தையலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்கு 2006-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம்தான் இந்தக் கல்லூரியில் சேர வந்தேன். சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு வரி. உப்பளத்தில் கணக்கு வேலை என்று எழுதினேன். அடுத்த வரி 'தாயின் தொழில்'. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் அம்மா நின்றிருந்தார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் புதியம்புத்தூர் பக்கம். 'குட்டித் திருப்பூர்' என்று சொல்வார்களே, அதே புதியம்புத்தூர்தான். சிறு பிள்ளைகளின் கவுன், பாவாடை சட்டை, நைட்டி எல்லாம் அங்கிருந்து பல ஊர்களுக்குப் போகும். துணியை ஓரிடத்தில் வெட்டி, கட்டுக் கட்டாக வீடுகளுக்குக் கொடுப்பார்கள். வீட்டில் பெண்கள் தைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கூலி உருப்படிக் கணக்கு. மத்தியான நேரத்தில் எங்கள் தெருவில் நடந்தால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும்.

உப்பளத்துக்கு மழை ஆகாது. ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பு வாருவது நின்றுவிடும். அப்பாவுக்கும் வேலை சுருங்கிவிடும். அந்த மாதங்களில்தான் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தையல் வேலை குவியும். ஆக, அடுப்பு எரிந்ததும் நான் படித்ததும் அந்த மிதி ஓடியதால்தான். கல்லூரியில் மூன்றாம் செமஸ்டர் படிக்கும்போது ஒருநாள் அம்மாவின் கூலி நோட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் கவுன் ஒன்றுக்கு நாலு ரூபாய். அந்த செமஸ்டருக்கு நான் கட்டியது 16,000 ரூபாய். நாலாயிரம் கவுன்! ஆறு மாதத்தில், ஒரு நாளும் விடாமல் தைத்தால் தினம் இருபத்திரண்டு. இதைத்தான் நான் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷின்ஸ் பாடத்தில் 'ஃபோர் பார் செயின்' நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் வகைகளுக்கு உதாரணம் கேட்டால் பீம் என்ஜின், ரயில் என்ஜினின் கப்ளிங் ராடு, வாட் இண்டிகேட்டர் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்போம். நானும் எழுந்து ஒப்பித்தேன். சார் சிரித்துக்கொண்டே, "பீம் என்ஜினை நீ பார்த்திருக்கிறாயா?" என்றார். இல்லை என்றேன். "சரி, மிதி போட்ட தையல் மெஷின் யார் யார் வீட்டில் இருக்கிறது? கையைத் தூக்குங்கள்" என்றார்.

ஏழெட்டுக் கைகள் எழுந்தன. என் கை எழவில்லை.

ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கேள்வி "யார் தைக்கிறார்கள்?" என்று வந்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். பொழுதுபோக்குக்குத் தைக்கிற வீடு வேறு, கூலிக்குத் தைக்கிற வீடு வேறு என்று பத்தொன்பது வயதில் எனக்குத் தோன்றியிருக்கிறது.

சார் கரும்பலகையில் படம் போட்டார். மிதி மேலும் கீழும் ஆடுகிறது. நெட்டுத் தண்டு அந்த ஆட்டத்தைக் கீழ்ச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சுழற்சியாக மாற்றுகிறது. மெஷினின் கால்சட்டம்தான் அசையாத நாலாவது கம்பி. தண்டும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் வருகிற இடம் 'டெட் சென்டர்'. அங்கே மிதித்தால் சக்கரம் நகராது. சில சமயம் பின்னால் சுற்றி நூலை அறுக்கும். அதனால்தான் தைக்கிறவர்கள் முதலில் மேல் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் காலை அழுத்துகிறார்கள். ஓட ஆரம்பித்துவிட்டால் சக்கரத்தின் கனமே டெட் சென்டரைத் தாண்ட வைத்துவிடும். என் அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம் அது. அதற்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் கை தூக்கவில்லை.

பிறகுதான் அந்த மெஷினின் கதையைத் தேடிப் படித்தேன். பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கி, ராணுவச் சீருடை தைக்க ஆரம்பித்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் உள்ளே புகுந்து மெஷின்களை உடைத்துப் போட்டார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கிய மெஷினில் ஊசியின் காது நுனியில் இருந்தது. மேல் நூல் ஒன்று, ஷட்டிலில் கீழ் நூல் ஒன்று. இரண்டும் துணிக்கு நடுவில் பின்னிக்கொள்ளும். இன்றைக்கும் அதே தத்துவம்தான். 1851-ல் ஐசக் சிங்கர் தம் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். 1856-ல் அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணையில் விற்கும் முறையைக் கொண்டுவந்தார். மொத்தப் பணம் இல்லாத வீட்டுக்குள்ளும் மெஷின் நுழைந்தது அதனால்தான். அம்மாவின் பழைய உஷா மெஷினும் தவணையில் வந்ததுதான்.

கீழ் நூலைப் பற்றி அம்மா சொல்வது இது: "மேல தையல் எவ்வளவு அழகா இருந்தாலும் கீழ் நூல் தளந்து கிடந்தா ஒரு இழு இழுத்தாப் போதும், அம்புட்டும் பிரிஞ்சிரும்." டென்ஷன் பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லி நான் பார்த்ததில்லை.

இனி இந்தப் பையில் இருப்பதைப் பிரிக்கிறேன். இது என் ஆச்சி தைத்த விரிப்பு. அம்மா தைத்து மிஞ்சுகிற வெட்டுத்துணியை ஆச்சி ஒரு துண்டு விடாமல் சேர்த்து வைப்பார்கள். இரண்டு பழைய நூல் சேலைகளுக்கு நடுவில் அதைப் பரப்பி, மேலே நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டுப் போட்டு, கையால் ஓட்டுத் தையல் போடுவார்கள். தனியாக அல்ல. மத்தியானம் சாப்பாடு முடிந்து தெருப் பெண்கள் நாலு பேர் திண்ணைக்கு வருவார்கள். நாலு பக்கமும் ஆளுக்கொரு ஊசி. தைத்தபடியே ஊர்க்கதை எல்லாம் ஓடும். தெருவில் யாருக்காவது பேறுகாலம் நெருங்கினால் முதலில் சின்ன விரிப்பு தயாராகும். பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி கூடாது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன சேலைதான் வேண்டும். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் யாராவது ஒரு மதினியின் சேலையில்தான் முதலில் படுத்தோம்.

இந்த விரிப்பை ஆச்சி என்னோடு ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள். நாலு வருஷமும் டிரங்குப் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. என் அறை நண்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இப்படி ஒன்று இருந்ததே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஆச்சி 2012-ல் காலமானார்கள். 2014-ல் கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டம், எல்லாபூர் பக்கம் மின்பாதை வேலைக்குப் போனேன். காட்டுப் பகுதி, மார்கழியில் நல்ல குளிர். இந்த விரிப்பு அங்கேதான் முதன்முதலாக வெளியே வந்தது. அங்கே சித்தி என்ற இனத்தவர் வாழ்கிறார்கள். நம் வீட்டுச் சித்தி அல்ல, அது அவர்கள் இனத்தின் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் முதலானவர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் பழந்துணியில் 'கவந்தி' என்று ஒரு போர்வை தைப்பார்கள். சட்டம் கிடையாது, மடியில் போட்டே தைப்பார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ மாதிரி வைப்பார்கள்.

ஒருநாள் இந்த விரிப்பைக் கயிற்றில் காயப் போட்டிருந்தேன். அந்த வழியாகப் போன ஒரு வயதான அம்மா நின்றார். மேலே இருக்கிற ஒட்டு வேலையை அவர் பார்க்கவில்லை. புரட்டிப் பின்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் "அஜ்ஜி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஓரிடத்தில் நூல் விட்டிருந்ததைக் காட்டினார். மறுநாள் ஊசியோடு வந்து அதைத் தைத்துக் கொடுத்தார். இதோ, இந்த இடம். நூல் நிறம் வேறாக இருக்கும். 'என் ஆச்சி தைத்தது' என்று வெளி மனிதர் ஒருவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்க ஆச்சி இல்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். குளிர் தாங்காத மரவீடுகளில், கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டி ஒட்டுப் போட்டுப் போர்வை தைத்தார்கள். 1966-ல் அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு அமைப்பு தொடங்கினார்கள். 2002-ல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. எனக்குப் பெரிதாகப் பட்டது தபால்தலை அல்ல. தைத்த பெண்களின் பெயர்கள் வெளியே வந்தன, அதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பெயர் இல்லாததால் எங்கள் வீட்டுக்கு உண்மையான நஷ்டம் வந்தது. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது. வீட்டிலிருந்து தைப்பவர்களும் பதிவு செய்யலாம். பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. நான் படித்த நாலு வருஷமும் அந்த உதவிக்கு நாங்கள் மனுப் போடவே இல்லை. காரணம், அம்மா ஒரு தையல் தொழிலாளி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் சேர்த்து. வேலைக்குப் போன பிறகு பதிவு செய்யலாம் என்று நான் படிவத்தோடு போய் நின்றபோது அம்மா கேட்டார்கள்: "நான் என்னய்யா தொழிலாளி? வீட்டுல சும்மா இருக்க நேரத்துல ஏதோ மிதிக்கேன். அதுக்குப் போயி கவர்மெண்டு அட்டையா?" அப்போது அவர்களுக்கு முழங்கால் வலியும் கழுத்து வலியும் வந்துவிட்டிருந்தன. சும்மா இருக்கிறவர்களுக்கு அந்த வலி வராது.

இரண்டு நாள் பேசி, கையெழுத்து வாங்கினேன். அட்டை வந்தது. அதை எல்லாத் தாள்களோடும் சேர்த்துப் பீரோவில் வைக்காமல், மெஷின் இழுப்பறையில் பாபின்களோடு வைத்திருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்த உபயோகமான விஷயம் இதுதான். உங்கள் வீட்டில் தைக்கிறவர்கள் இருக்கலாம். பீடி சுற்றுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள் இருக்கலாம். அதை 'வீட்டு வேலை' என்று எழுதிக் கடந்து போகாதீர்கள். அது தொழில். அதற்கு வாரியம் இருக்கிறதா, பதிவு இருக்கிறதா என்று இந்த விடுமுறையிலேயே விசாரியுங்கள். சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாம் கொடுக்கிற கல்வி உதவித்தொகைப் படிவத்தில் தந்தையின் தொழில், வருமானம் மட்டும்தான் கேட்கிறோம். தாயின் தொழிலுக்கும் ஒரு வரி போடுங்கள். கேட்டால்தானே பிள்ளைகள் யோசிப்பார்கள்?

அம்மாவின் மிதி மெஷினை நம் துறை ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம் என்று ஓர் ஆசை இருந்தது. மோட்டார் வைத்த புது மெஷின் வாங்கித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "ஓடாத சாமானைத்தான் காட்சிக்கு வைப்பாங்க. இது ஓடுதுல்லா? போ அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஆய்வகத்துக்கு மெஷின் கிடையாது. சார் மன்னிக்க வேண்டும்.

சார், அன்றைக்குக் கேட்டீர்கள். பதினெட்டு வருஷம் தாமதமாக இப்போது கையைத் தூக்குகிறேன். எங்கள் வீட்டில் மிதி மெஷின் இருக்கிறது. தைப்பது என் அம்மா. கூலிக்குத்தான் தைக்கிறார்கள்.