சத்தம் நின்னா மெஷின் நின்னுடுச்சுன்னு அர்த்தமில்ல

இன்னிக்குப் பேசப்போறது ஒரே ஒரு மெஷினைப் பத்தி: டிராக்டர் பின்னாடி மாட்டுற சிப்பர். கிளை, தென்னை மட்டை, சவுக்கு நுனின்னு எதை வாயில கொடுத்தாலும் தூளாக்கித் துப்புமே, அதுதான். செங்கல்பட்டு சுத்துவட்டாரத்துல பண்ணை மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஈசிஆர் ஓரத்துல நண்பர்களோட சேர்ந்து தோட்டம் வாங்கினவங்க இதை வாடகைக்கு எடுக்கிறது இப்போ ரொம்ப சகஜம்.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி ஒரு காத்து அடிச்சா இந்தக் கடற்கரையில என்ன மிஞ்சும்? சவுக்குக் கட்டை சென்ட்ரிங் வேலைக்குப் போயிடும், நுனியைக் கேட்க ஆள் இருக்காது. விழுந்த தென்னையை அப்படியே மக்க விட்டா காண்டாமிருக வண்டு அதுலதான் குஞ்சு பொரிக்கும். எரிச்சா பக்கத்து வீட்டுக்கெல்லாம் புகை. தூளாக்கினா மரத்தடிக்கு நல்ல மூடாக்கு. அதனால சிப்பர் நல்ல மெஷின்தான். நான் பயமுறுத்த வரல.

முதல்ல தண்டு. டிராக்டர்ல இருந்து சிப்பருக்கு ஓட்டம் கொண்டு போற பிடிஓ ஷாஃப்ட். வழக்கமான வேகம் நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது செகண்டுக்கு 9. நீங்க ‘ஐயோ’ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது நாலஞ்சு சுத்து சுத்தியிருக்கும். லுங்கி முனை, தோள்ல கிடக்கிற துண்டு, துப்பட்டா, இதுல ஏதாவது ஒண்ணு மாட்டினா ஆளையே இழுத்துடும். தண்டு மேல ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கணும். கிரீஸ் வைக்கக் கழட்டினோம்னு சொல்லி அதைத் திரும்ப மாட்டாமலே விட்டுடறது நம்ம ஊர்ல பெரிய வியாதி. உறை இல்லாத மெஷின் வந்தா திருப்பி அனுப்புங்க.

சரி, சிக்கல் ஏன் வருது? கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் மணல்தான் காரணம். மட்டையைத் தரையோட இழுத்துட்டு வந்து அப்படியே உள்ள விடுவாங்க. மணல் பட்டுக் கத்தி மழுங்கும். மழுங்கின கத்தி வெட்டாது, நார் நாராக் கிழிக்கும். அந்த நார் கத்தித் தட்டைச் சுத்திக்கும். ஈரத்தூள் வெளியே துப்புற குழாயை அடைச்சுக்கும். இதைக் கவனிங்க: பல தடவை அடைப்பு வெளியேறுற பக்கம் இருக்கும், நம்ம ஆள் கையை விடுறது உள்ளே போடுற வாயில.

கை போறது பெரும்பாலும் மெஷின் முழு வேகத்துல ஓடும்போது இல்ல. சத்தம் குறைஞ்ச பிறகுதான். பிடிஓவைத் துண்டிச்ச பிறகும் அந்தக் கனமான கத்தித் தட்டு தன் வேகத்துல சுத்திட்டே இருக்கும். மெஷினைப் பொறுத்து ஒரு நிமிஷம்கூட ஆகலாம். இன்னொண்ணு, சிக்கி நின்ன தட்டுல இறுக்கம் அப்படியே இருக்கும். மட்டையை உருவின உடனே கால் சுத்து துள்ளும். விரலுக்கு அதுவே போதும்.

அதனால சிக்கிச்சுன்னா பிடிஓவைத் துண்டிங்க, எஞ்சினை அணைங்க, சாவியை எடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரைவர் அண்ணன் சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்குவாரு. பார்க்கச் சிரிப்பா இருக்கும், ஆனா அவர் குனிஞ்சிருக்கும்போது வேற யாராலயும் வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாது. அப்புறம் தட்டு முழுசா நிக்கிற வரைக்கும் காத்திருங்க. ஷாஃப்ட்டை டிராக்டர்ல இருந்து கழட்டிடுங்க. தட்டுக்கு லாக் பின் இருந்தா போடுங்க. அதுக்குப் பிறகுதான் மூடியைத் திறக்கணும். வெளியேறுற குழாயை முதல்ல சுத்தம் பண்ணுங்க, அப்புறம் உள்பக்கம். குச்சியாலயோ கொக்கியாலயோ இழுங்க, வெறுங்கையை விடாதீங்க.

‘இன்னொரு தடவை ஓட்டினா தானா போயிடும் சார்’னு ஒருத்தர் சொல்லுவாரு. போகாது. ஷாஃப்ட்ல இருக்கிற ஷியர் போல்ட்தான் போகும். அது உடையறதுக்காகவே வச்ச போல்ட். அடிக்கடி உடையுதேன்னு கெட்டியான போல்ட் போட்டா, அடுத்து உடையறது கியர்பாக்ஸ்.

ஓட்டும்போது வாய்க்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நில்லுங்க. அடிமரம் முதல்ல போகணும். துண்டு துக்கடாவைக் கையாலயோ காலாலயோ தள்ளாதீங்க, அடுத்த நீளக் கிளையை வச்சுத் தள்ளுங்க. ஈர இலையை மட்டும் மொத்தமா கொட்டாம, நடுநடுவுல காஞ்ச கட்டை கொடுங்க, குழாய் சுத்தமாகும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் வேணும். மணிக்கட்டுல தொளதொளன்னு தொங்குற கையுறை வேண்டாம்.

‘கூலிக்கு வந்தவர் பார்த்துக்குவாரு’ன்னு விடறவங்களுக்கு ஒரு விஷயம். கதிரடிக்கிற மெஷின்ல நிறைய பேர் கையை இழந்த பிறகுதான் 1983-ல ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தரணும்னு அந்தச் சட்டம் பேசுது. சிப்பரோட வாயும் அந்த மெஷினோட வாய்க்குச் சொந்தக்காரன்தான். வாடகை பேசும்போதே ‘உறை இருக்கா, கத்தி எப்போ தீட்டினீங்க, சாவி யார்கிட்ட இருக்கும்’னு மூணு கேள்வி கேளுங்க.

அடைப்பு எடுத்ததும் உடனே மட்டையைக் கொடுக்காதீங்க. ஒரு நிமிஷம் வெறுமனே ஓட விட்டுக் கேளுங்க. சீரான இரைச்சல் வந்தா வேலையைத் தொடரலாம். ‘டக் டக்’னு தட்டுச்சுன்னா கத்தி போல்ட் தளர்ந்திருக்கு, திரும்ப அணைங்க.