இடங்கள் பெருகின, சிறப்பு மருத்துவர் எங்கே?



மருத்துவக் கல்லூரியில் சேரும் ஒருவர் இளநிலைப் பட்டம் பெற, உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. சிறப்பு மருத்துவராக மேலும் மூன்றாண்டுகள். இதயம், சிறுநீரகம் போன்ற உயர்சிறப்புத் துறைகளுக்கு அதற்கு மேலும் மூன்றாண்டுகள். எனவே 2036ஆம் ஆண்டில் மக்களுக்குத் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களைப் பற்றி இன்றே முடிவெடுத்தாக வேண்டும். 2011இல் மக்கள்தொகையில் எட்டு விழுக்காட்டிற்குச் சற்று மேலாக இருந்த அறுபது வயது கடந்தோர், 2036இல் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருப்பர் என்பது அரசு நிபுணர் குழுவின் மதிப்பீடு. நீரிழிவும் இதய நோயும் புற்றுநோயும் அதற்கேற்பப் பெருகும்.

இதற்கு ஒன்றிய அரசு தரும் விடை, இடங்களின் எண்ணிக்கை. 2014க்கு முன் 31,185 ஆக இருந்த முதுநிலை மருத்துவ இடங்கள் 70,000ஐத் தாண்டிவிட்டன என்று அது பெருமை பேசுகிறது. எண்ணிக்கை உண்மைதான். ஆனால் அதே அரசின் 2021-22 கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரம் மற்றோர் உண்மையைக் காட்டுகிறது. சமூக சுகாதார மையம் ஒவ்வொன்றிலும் அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய நான்கு துறைகளிலும் சிறப்பு மருத்துவர் இருக்க வேண்டும். கிராமப்புற மையங்களின் தேவையில் 79.5 விழுக்காட்டினர் இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர் பற்றாக்குறை மட்டும் 83.2 விழுக்காடு. பிரசவ வலியோடு வரும் விவசாயத் தொழிலாளிப் பெண் மாவட்டத் தலைநகருக்குத் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். மகப்பேறு மருத்துவர் இருந்தாலும், மயக்கவியல் மருத்துவர் இல்லையெனில் அறுவை சிகிச்சை நடவாது.

இடங்கள் பெருகியும் பற்றாக்குறை நீடிப்பது ஏன்? எந்த மாவட்டத்தில், எந்தத் துறையில், எத்தனை பேர் தேவை என்ற கணக்கிலிருந்து இடங்கள் தீர்மானிக்கப்படுவதில்லை. விண்ணப்பிக்கும் கல்லூரியின் படுக்கைகளையும் ஆசிரியர்களையும் எண்ணியே அனுமதி தரப்படுகிறது. தனியார் கல்லூரிகளின் பாதி இடங்களுக்கு மட்டுமே கட்டண வழிகாட்டுதல் வகுக்க 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வகை செய்கிறது. மறுபாதி சந்தையிடம் விடப்பட்டுள்ளது. பெருந்தொகை கொடுத்துப் படித்தவர், அதை மீட்கக்கூடிய நகரத்தையே நாடுவார். இது தனிமனிதரின் குறையன்று, கொள்கையின் விளைவு. 2023இல் காலி இடங்களை நிரப்ப, முதுநிலை நீட் தகுதிச் சதமானம் பூஜ்யமாகவே குறைக்கப்பட்டது. தகுதி, தரம் என்ற வாதம் அன்றே சரிந்தது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் ஒதுக்கீடு அளித்து, படித்து முடித்ததும் அவர்களை அரசு மருத்துவமனைகளுக்கே திரும்பச் செய்யும் முறை தமிழ்நாட்டில் நெடுங்காலம் பயன் தந்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில், அத்தகைய ஒதுக்கீட்டிற்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. முதுநிலை மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் திட்டமும் வந்துள்ளது. எனினும் மூன்று மாதப் பயிற்சி நிரந்தரப் பணியிடத்திற்கு ஈடாகாது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்டவாரியாக, துறைவாரியாகத் தேவைக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். அதற்கேற்ப அரசுக் கல்லூரிகளில் இடங்களும் அரசு மருத்துவமனைகளில் நிரந்தரப் பணியிடங்களும் சேர்ந்தே உருவாக்கப்பட வேண்டும். தனியார் கல்லூரிகளின் எல்லா இடங்களுக்கும் கட்டணக் கட்டுப்பாடு வேண்டும்.

கட்டணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று போர் குழு 1946இலேயே வலியுறுத்தியது. கட்சிக் கிளைகள் தத்தம் பகுதியின் சமூக சுகாதார மையத்திற்குச் சென்று, அந்த நான்கு பணியிடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்று கேட்டறிய வேண்டும். அந்த விடையை மக்களிடம் கொண்டு செல்வதிலிருந்தே இயக்கம் தொடங்கட்டும்.