பிடுங்கிய பல்லும் ஒட்டிய பல்லும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் இக்கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பின்னர் பேராதனையில் பல் மருத்துவம் படித்தோம். இன்று பற்குழிகளை அடைக்கும் வெண்ணிறப் பொருட்களையும், அவற்றைப் பல்லோடு பிணைக்கும் பசைகளையும் ஆய்வுகூடத்தில் சோதித்து வருகிறோம். "பல்லு அடைக்கிறதில என்னடி ஆராய்ச்சி?" என்று சங்கத்து அக்கா ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அவருக்கான பதிலே இந்த உரை.

எங்கள் இருவர் வீட்டிலும் பல்வலிக்கு ஒரே வைத்தியம்தான்: பிடுங்குவது. டவுனுக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய பேர் போய்விடும். அடைப்பதென்றால் இரண்டு, மூன்று தடவை போகவேண்டி வரலாம். பிடுங்குவதென்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். எங்களில் ஒருவரின் அம்மாவுக்கு முப்பது வயதிலேயே முன்பல் போய்விட்டது. "அடைச்சாலும் உங்களுக்கு நிக்காதும்மா" என்று அன்று அவரிடம் சொன்னார்கள். அதன்பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடாமல் அவர் சிரித்ததில்லை. இக்கல்லூரியின் பரிசளிப்பு விழாவில் எடுத்த படத்திலும் அவர் வாய் மூடித்தான் இருக்கிறது. 'நிக்காது' என்ற அந்தச் சொல் உண்மையா என்று தேடுவதே எங்கள் தொழிலாகிவிட்டது.

முன்பு பல்லை அடைத்தது வெள்ளியும் பாதரசமும் கலந்த அமல்கம். அது உறுதியானது, ஆனால் பல்லோடு ஒட்டாது. அதனால் குழியைப் பானைபோல உள்ளே அகலமாகவும் வாயில் ஒடுக்கமாகவும் குடையவேண்டும். நல்ல பல்லும் சேர்ந்து போகும்.

1955இல் அமெரிக்காவின் ரொசெஸ்டரில் மைக்கேல் புவோனொகோரே என்பவர், பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காக உலோகத்துக்குப் பொஸ்போரிக் அமிலம் பூசுவதைக் கவனித்து, அதையே பல்லில் செய்து பார்த்தார். நாம் பாடப்புத்தகத்தில் மிளிரி என்று படித்த எனாமலில் அமிலம் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்கியது. பிசின் அவற்றுள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. சாந்து பூசுமுன் மேசன்மார் சுவரைக் கொத்திவிடுவது போலத்தான். 1962இல் ரபேல் போவன் என்ற ஆய்வாளர் காப்புரிமை பெற்ற பிசினிலிருந்துதான் இன்றைய கொம்பொசிற் வளர்ந்தது. பிசினோடு கண்ணாடித் தூள் கலந்தது அது. நீல ஒளி பட்டதும் இறுகும்.

மிளிரிக்குக் கீழே இருக்கும் பன்முதல் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. அது நுண்குழாய்கள் நிறைந்தது, எப்போதும் ஈரமானது. அமிலம் பட்ட பன்முதலின் கொலாஜன் வலைக்குள் பிசின் ஊடுருவி, பாதி பல்லும் பாதி பிசினுமான ஒரு படலம் உண்டாகிறது என்று 1982இல் ஜப்பானியப் பேராசிரியர் நகபயாஷி காட்டினார். அடைப்பு நிற்பதும் விழுவதும் மயிரிழையிலும் மெல்லிய அந்தப் படலத்தில்தான். எச்சில் பட்டால் அது கெடும். கொம்பொசிற் இறுகும்போது கனவளவில் நூற்றுக்கு 2, 3 பங்கு சுருங்குவதால், அந்தச் சுருக்கமும் படலத்தைத்தான் இழுக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல நீரும் பன்முதலில் உள்ள நொதியங்களும் அதை அரிக்கும்.

ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்வதெல்லாம் அந்தப் படலத்தைத் துன்புறுத்துவதுதான். பிடுங்கிய பல்லை வெட்டித் தேய்த்து, பசை பூசி, கொம்பொசிற் ஒட்டி, 37 பாகை நீரில் ஒரு நாள் வைப்போம். பிறகு 5 பாகை நீரிலும் 55 பாகை நீரிலும் மாறி மாறி ஆயிரக்கணக்கான தடவை அமிழ்த்துவோம். பனிக்காலையில் பீலித் தண்ணீரில் வாய் கொப்பளித்த கையோடு கொதிக்கக் கொதிக்கச் சாயத்தண்ணி குடிக்கும் நமக்கு, இந்தச் சோதனையை விளக்கவே வேண்டியதில்லை. நிறம் மாறுகிறதா என்று பார்க்கக் கொம்பொசிற் வில்லைகளைத் தேநீரிலும் ஊறவைப்பார்கள். நம் அம்மாமார் பறித்த கொழுந்து எங்கெங்கோ ஆய்வுகூடங்களிலும் வேலை செய்கிறது! கடைசியாக, இயந்திரத்தில் பிடித்து இழுத்து, எந்த விசையில் பிரிகிறது என்று அளப்போம்.

இங்கேதான் எங்களைத் தூங்கவிடாத ஒரு விடயம் இருக்கிறது. இத்தகைய சோதனைகளுக்குப் பெரும்பாலும் எடுப்பது பழுதற்ற பற்கள். பல்வரிசையைச் சீராக்க இளவயதினருக்குப் பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்கள், அல்லது ஞானப்பற்கள். பசைப் பெட்டியோடு வரும் தாளில் அச்சாகும் பெரிய எண்கள் அநேகமாக அப்படிப்பட்ட பற்களில் கிடைத்தவை. ஆனால் அடைக்க வருவது எந்தப் பல்? சொத்தை பிடித்த பல். வெற்றிலையும் வயதும் தேய்த்து, நுண்குழாய்கள் அடைபட்டு இறுகிய பல். அத்தகைய பன்முதலில் பிணைப்பு வலுக் குறையும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. அம்மாவிடம் சொன்ன 'நிக்காது' முழுப் பொய்யல்ல. ஆனால் அது பல்லைப் பிடுங்குவதற்குக் காரணமும் அல்ல. அந்தப் பல்லுக்கேற்ற பொருளைத் தேடுவதற்கே அது காரணம்.

அப்படியொரு பொருள் நம்மிடம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சன், கென்ற் என்ற இருவர் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் சீமெந்து. கொம்பொசிற் அளவுக்குத் தேய்மானம் தாங்காது, அழகும் குறைவு. ஆனால் அது பல்லின் கல்சியத்தோடு தானே இரசாயன முறையில் பிணையும். நீல ஒளி இல்லாமலே இறுகும் வகை உண்டு. புளோரைட்டையும் சிறிது சிறிதாக விடும். அனுராதபுரம் போன்ற இடங்களில் குடிநீரில் புளோரைட்டு மிகையாக இருந்து பல்லைக் கறையாக்குகிறது. நமது மலைநாட்டு நீரிலோ அது குறைவு. 1980களில் தன்சானியாவில், மின்சாரமில்லாத இடங்களில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இச்சீமெந்தால் அடைக்கும் முறை தொடங்கியது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஊக்குவித்தது. சிறிய குழியென்றால் ஒரே வருகையில் முடியும். ஒரு பேருக்கு மேல் போகாது.

இன்னொரு காரணமும் உண்டு. பாதரசம் பற்றிய 2013ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. அமல்கம் மெல்ல விடைபெறுகிறது. அந்த இடத்துக்கு வரும் வெண்ணிறப் பொருள் கொழும்பு வாயில் மட்டுமல்லாமல் டிக்கோயா வாயிலும் நிற்கவேண்டும். அதற்குத் தேய்ந்த பல்லிலும் சொத்தைப் பல்லிலும் சோதிக்கவேண்டும். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். சம்மதம் கேட்டு வாங்கிய ஒவ்வொரு பல்லையும் மேசையில் வைக்கும்போது, இது ஒருவருடைய சிரிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

இறுதியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்தில் பல் பரிசோதனை நாள் நடத்துவோம். ஞாயிறென்றால் அம்மாமாருக்குப் பேர் போகாது. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது விழுந்து முளைக்காது. வலி வருமுன் வாருங்கள். பிடுங்கச் சொன்னால், "அடைக்க முடியாதா?" என்று ஒருமுறை கேளுங்கள். கேள்வி கேட்கத்தானே இந்தக் கல்லூரி நமக்குக் கற்றுத் தந்தது.

அடுத்த பரிசளிப்பு விழாப் படத்தில் நம் அம்மாமார் தலைப்பை விட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.