அழைத்தவர் இல்லாத அழைப்பு



அண்மையில் பொறியியற் கையேடு ஒன்றை மொழிபெயர்க்க நேர்ந்தது. கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் சிறு கணிப்பொறிகளை ஆளுகின்ற இயக்கமுறைமையைப் பற்றியது அந்நூல். அதில் 'ஸ்பூரியஸ் இன்டரப்ட்' என்றொரு தொடர் வந்தது. 'போலிக் குறுக்கீடு' என்று எழுதிவிட்டு மேலே சென்றேன். பொருள் விளங்கிய பின்னர்தான் அந்தப் 'போலி' என்னை உறுத்தத் தொடங்கிற்று.

குறுக்கீடு என்பது யாது? துணி துவைக்கும் பொறியிலும் மின்தூக்கியிலும் இன்று ஒரு சிறு கணிப்பொறி உண்டு. அது தன் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது, 'நீர் நிரம்பிற்று' என்றோ 'கதவு மூடிற்று' என்றோ தெரிவிக்க வேண்டிய உறுப்பு, ஒரு கம்பி வழியே மின்குறிப்பு அனுப்புகிறது. கணிப்பொறி கைவேலையை நிறுத்தி, அழைத்த உறுப்பைக் கவனித்து, விட்ட இடத்திற்கு மீளுகிறது.

அழைப்புகள் பலவாயின் அவற்றை வரிசைப்படுத்தத் தனி உறுப்பு வேண்டும். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் இப்பணியைச் செய்தது இன்டெல் நிறுவனத்தின் 8259 என்ற சில்லு. அதற்கு 0 முதல் 7 வரை எட்டுக் கம்பிகள். எட்டு அறைகளுக்கு ஒரே சேவகர் உள்ள அலுவலகம் போன்றது இது. மணி ஒலிக்கிறது, 'எந்த அறை?' என்று சேவகர் கேட்கிறார். அதற்குள் மணியடித்தவர் மனம் மாறிக் கையை எடுத்துவிட்டார். கேட்ட கேள்விக்கு ஏதேனும் ஒரு விடை சொல்லியாக வேண்டுமன்றோ? 8259 சொல்லும் விடை 'ஏழாம் அறை' என்பதாம்.

ஆகவே ஏழாம் எண்ணுடன் வரும் அழைப்பை இயக்கமுறைமை அப்படியே நம்பலாகாது. எந்தெந்தப் பணி நடைபெறுகிறது என்று சில்லு தனக்குள் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் ஏழாம் இடம் குறிக்கப்பட்டிருந்தால் அழைப்பு மெய்யானது, இல்லையேல் வெற்றழைப்பு. வெற்றழைப்பாயின் ஒன்றும் செய்யாது திரும்ப வேண்டும். 'பணி முடிந்தது' என்று சில்லுக்கு அறிவிக்கவும் கூடாது. இங்கேதான் அனுபவமில்லாதவர் தவறுகிறார். மூன்றாம் கம்பியின் பணி பாதியில் நிற்கும்போது வெற்றழைப்பு வந்தது என்று கொள்வோம். பழக்கத்தால் 'முடிந்தது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், சில்லு அந்த மூன்றாம் பணியையே முடிந்ததாகக் குறித்துக்கொள்ளும். பிறகு அதனினும் தாழ்ந்த அழைப்புகள் உரிமையோடு உள்ளே நுழையும். கோளாறு எங்கோ தலைகாட்டும். அதன் வேர் புலப்படாது.

இக்காலக் கைப்பேசிகளின் ஏ.ஆர்.எம். சில்லுகள் இவ்வகையில் நாகரிகமானவை. கொடுப்பதற்கு அழைப்பு எதுவும் இல்லையெனில், அவற்றின் குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டு உறுப்பு 1023 என்ற தனி எண்ணைத் தருகிறது. ஒருவருடைய அறை எண்ணை இன்னொருவர் தலையில் கட்டுவதில்லை.

வெற்றழைப்பு பிறப்பதற்கு நம்முடைய நிரலே காரணமாவதும் உண்டு. பணியை முடித்த நிரல், 'அழைப்பை இறக்கு' என்று உறுப்புக்கு எழுதிவிட்டு உடனே திரும்புகிறது. அக்கட்டளை போய்ச் சேரச் சிறிது நேரமாகிறது. கம்பி இன்னும் தாழவில்லை. கணிப்பொறி மீண்டும் அழைக்கப்பட்டு, ஓடிச் சென்று பார்த்தால் அங்கே வேலை ஏதும் இல்லை! கட்டளையைத் தொடக்கத்திலேயே எழுதுவதும், அது சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு திரும்புவதும் இதற்கு மருந்து.

அழைப்பு ஓயாமல் வந்துகொண்டே இருந்தாலோ? லினக்ஸ் இயக்கமுறைமை ஒவ்வொரு கம்பிக்கும் கணக்கு வைக்கிறது. 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கு மேற்பட்டவற்றை ஏற்பார் இல்லையெனில், 'ஒருவரும் பொருட்படுத்தவில்லை' என்று குறித்துவிட்டு அக்கம்பியையே அடைத்துவிடுகிறது. அதே கம்பியைப் பகிர்ந்துகொண்ட குற்றமற்ற உறுப்பின் குரலும் அத்தோடு அடைபடுகிறது. கொடுமைதான். ஆயினும் கணிப்பொறி முழுவதும் செயலற்றுப் போவதினும் இது மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி என் 'போலி'க்கு வருகிறேன். போலி என்றால் மெய்போல நடித்து ஏமாற்றுவது. இங்கே ஏமாற்றியவர் எவருமில்லை. பெரும்பாலும் மணியடித்ததும் மெய், அடித்தவர் போய்விட்டதும் மெய். அண்டையிலுள்ள மின்னோடியின் இரைச்சல் கம்பியிற் புகுந்து எழுப்பும் அழைப்புக்கு வேண்டுமானால் அச்சொல் பொருந்தலாம். ஆனால் இரண்டையும் வேறுபடுத்திக் காணக் கணிப்பொறிக்கு வழியில்லை. எனவே கையேடு முழுவதும் 'வெற்றுக் குறுக்கீடு' என்று திருத்தி அனுப்பினேன்.