ஓடுகிறது, ஆனால் வேலை செய்யவில்லை



மின்கட்டணம் கட்டவோ, ரயிலில் இடம் பிடிக்கவோ, பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்க்கவோ கைப்பேசியைத் திறக்கிறோம். பக்கம் வருகிறது. எழுத்து, படம், பொத்தான் எல்லாம் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில், எங்கோ ஒரு குளிரூட்டிய கூடத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஊழியரின் திரையில், அந்தச் சேவையை நடத்தும் கணினியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருக்கலாம். அந்தப் பச்சை பொய் சொல்லவில்லை. கணினி உண்மையிலேயே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் வேலை மட்டும் நடக்கவில்லை. ஓடுவதற்கும் வேலை செய்வதற்கும் நடுவே எப்படி இவ்வளவு தூரம் வந்தது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கணினி என்று சொன்னேன். இன்று அது பெரும்பாலும் தனிப் பெட்டியாக இருப்பதில்லை. ஒரு பெரிய சர்வருக்குள் பல கணினிகளை மென்பொருளாலேயே அமைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளம், தனி நினைவகம், தனி வட்டு. மெய்நிகர் கணினி என்று எழுதுகிறோம். அந்த வேலையில் இருப்பவர்கள் வி.எம். என்பார்கள். அந்தக்கால மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, ஒரே கிணறு. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தன் கதவு, தன் அடுப்பு. உள்ளே குடியிருக்கும் மென்பொருளை கெஸ்ட் என்கிறார்கள். வீட்டுக்காரர் இடத்தில் இருப்பது ஹைப்பர்வைசர். எந்தப் பகுதிக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். உள்ளே இருப்பவருக்குக் காய்ச்சலா என்பதை மீட்டரைப் பார்த்து அவரால் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் 1967 ஜனவரியிலேயே சிபி-40 என்ற அமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஒரு பெரிய கணினியைப் பிரித்து 14 மெய்நிகர் கணினிகள் வரை அது ஒரே நேரத்தில் நடத்தியது. 1972-இல் வந்த விஎம்/370 அதையே வணிக உலகத்துக்குக் கொண்டுபோனது. அந்த நாட்களில் பெரும்பாலும் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் எதிரே, தட்டச்சு முனையத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவருடைய கணினி நின்றுபோனால் அடுத்த நொடியே அவருக்குத் தெரிந்துவிடும். நலம் விசாரிக்கத் தனியாக ஓர் ஏற்பாடு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இன்று ஒரு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான வி.எம்.கள் ஓடுகின்றன, எதன் எதிரிலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்துபோன அந்த மனிதரின் இடத்தைத்தான் இன்றைய கண்காணிப்பு மென்பொருள்கள் நிரப்பப் பார்க்கின்றன.

ஆனால் உள்ளே எட்டிப்பார்ப்பது எளிதல்ல, அதற்குக் காரணமும் உண்டு. 1974-இல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவர், மெய்நிகர் கணினி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு முறையான வரையறை எழுதினார்கள். உள்ளே ஓடும் நிரலுக்கு, தான் நிஜமான இயந்திரத்தில் ஓடுவதாகவே தோன்றவேண்டும். வளங்களின் முழுக் கட்டுப்பாடும் வெளியே இருக்கும் ஹைப்பர்வைசரிடம் இருக்கவேண்டும். வேகமும் பெரிதாகக் குறையக்கூடாது. இந்த வரையறை ஒவ்வொரு வி.எம்.மையும் சுற்றி ஒரு சுவரை எழுப்புகிறது. அந்தச் சுவர் இருப்பதால்தான் ஒரு வங்கியின் கணினியும் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் கணினியும் ஒரே சர்வரில் பயமில்லாமல் இருக்க முடிகிறது. பாதுகாப்பு தரும் அந்தச் சுவரே பார்வையையும் மறைக்கிறது. நலம் விசாரிக்க வேண்டுமானால், சுவரை இடிக்காமல் அதில் ஒரு சின்னத் துளை போட்டாகவேண்டும். எங்கே, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதில்தான் இந்தத் துறையின் விவாதங்கள் எல்லாம் வந்து நிற்கின்றன.

முதலில், துளையே போடாமல் வெளியிலிருந்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கதவைத் தட்டலாம். வி.எம்.களை வாடகைக்கு விடும் அமேசானின் ஈசி2 சேவையில் இப்படித்தான் நடக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை சில சோதனைகள் ஓடுகின்றன. ஒன்று, கீழே இருக்கும் நிஜ இயந்திரம் சரியாக இருக்கிறதா என்பது. மற்றொன்று, நம்முடைய வி.எம். எப்படி இருக்கிறது என்பது. இந்த இரண்டாவது சோதனைக்காக, அதன் வலையிணைப்பு முகவரியை நோக்கி, ‘இந்த முகவரியில் இருக்கிறாயா?’ என்று கேட்கும் அடிப்படைக் கோரிக்கை ஒன்றை அனுப்புகிறார்கள். பதில் வந்தால் தேர்ச்சி. பயனுள்ள சோதனைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பதில் சொல்ல இயங்குதளத்தின் ஒரு மூலை விழித்திருந்தால் போதும். மேலே ஓடவேண்டிய தரவுத்தளம் செத்துக்கிடந்தாலும் அந்த மூலை பதில் சொல்லிவிடும்.

அடுத்தது, உள்ளேயே ஓர் ஆளை வைப்பது. விஎம்வேர் நிறுவனத்தின் மெய்நிகர் கணினிகளுக்குள் விஎம்வேர் டூல்ஸ் என்ற சிறு மென்பொருளை நிறுவுவார்கள். நொடிக்கொருமுறை அது வெளியே ஒரு துடிப்பை அனுப்பும். ஹார்ட்பீட் என்றே அதற்குப் பெயர். அதை வைத்து ஹைப்பர்வைசர் நான்கு நிறங்களில் நிலையைச் சொல்கிறது. பச்சை என்றால் சரியாக இருக்கிறது. மஞ்சள் என்றால் துடிப்பு விட்டுவிட்டு வருகிறது, சுமை அதிகமாக இருக்கலாம். சிவப்பு என்றால் துடிப்பு இல்லை, இயங்குதளம் நின்றிருக்கலாம். சாம்பல் என்றால் டூல்ஸ் நிறுவப்படவில்லை, அல்லது ஓடவில்லை. அதனால் நிலைமை தெரியாது.

இந்தச் சாம்பல் நிறத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நிறம் ஒதுக்கியிருக்கிறார்களே! பல கண்காணிப்புத் திரைகளில் அந்த நேர்மையைப் பார்க்க முடிவதில்லை. செய்தி வராவிட்டால் கடைசியாக வந்த பச்சையையே காட்டிக்கொண்டிருப்பவை உண்டு. நோயைவிட இது ஆபத்து என்று நினைக்கிறேன். சிவப்பைப் பார்த்தால் யாராவது ஓடிவருவார்கள். பழைய பச்சையைப் பார்த்து யாரும் வரமாட்டார்கள்.

துடிப்பு நின்றால் என்ன செய்வது? மறுபடி தொடங்கிவிடலாம் என்று தோன்றும். விஎம்வேரில் அதற்கு வசதி இருக்கிறது. உணர்திறனை உயர்வாக வைத்தால், 30 நொடி துடிப்பு வராத மெஷினை அது ரீசெட் செய்யத் தயாராகிவிடும். தயாராகும், உடனே செய்யாது. டூல்ஸ் மட்டும் விழுந்துவிட்டு, மற்ற எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? அதனால் அந்த வி.எம். கடந்த 120 நொடிகளில் வட்டில் எதையாவது எழுதியதா, படித்ததா, வலையில் எதையாவது அனுப்பியதா, பெற்றதா என்று வெளியிலிருந்தே பார்க்கும். அசைவு இருந்தால் விட்டுவிடும். துடிப்பும் இல்லை, அசைவும் இல்லை என்றால்தான் கைவைக்கும். உள்ளே ஒரு சாட்சி, வெளியே ஒரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. நான் அறிந்தவரை இந்தத் துறையில் மிகவும் பக்குவமான ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

ஆனாலும் இந்த இரண்டு சாட்சிகளையும் தாண்டி நழுவிப்போகும் நோய்கள் உண்டு. எல்லாவற்றிலும் சாதாரணமானது வட்டு நிரம்பிப்போவது. ஒவ்வொரு நிரலும் தான் செய்ததையெல்லாம் குறிப்பாக எழுதிக்கொண்டே போகும். அந்தக் குறிப்புக் கோப்புகளை யாரும் கழிக்காவிட்டால், ஒருநாள் வட்டில் எழுத இடம் இருக்காது. தரவுத்தளம் புதிய பதிவை ஏற்க மறுக்கும். பழையதைப் படித்துக்காட்டுவதில் தடை இருக்காது. துடிப்பு வந்துகொண்டிருக்கும், வலையில் அசைவு இருக்கும், பச்சை எரியும். பணம் கட்டுகிறவருக்கு மட்டும் வட்டம் சுற்றும். வெளியிலிருந்து பார்க்கிற ஹைப்பர்வைசருக்கு அது 100 ஜிபி வட்டு என்று தெரியும். அதற்குள் இருக்கும் கோப்புமுறையில் எவ்வளவு காலி என்பது, உள்ளே இருக்கும் ஒருவர் சொன்னால்தான் தெரியும்.

அப்படியானால் உள்ளே இருப்பவர் சொல்வதையே முழுதாக நம்பிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். மெய்நிகர் கணினியை வெளியிலிருந்து சற்றுநேரம் உறையவைக்க முடியும். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதோ, அதன் நினைவகத்தோடு படியெடுக்கும்போதோ இது நடக்கும். உறைந்திருந்த நேரம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தால், நடுவே சில நொடிகளைக் காணோம். லினக்ஸ் இயங்குதளத்தில், ஒரு செயலி, அதாவது சிபியு, 20 நொடிக்கு மேல் சிக்கிக்கொண்டால் எச்சரிக்கை எழுதும் காவல் ஒன்று இருக்கிறது. வெளியே நேர்ந்த தாமதத்தை உள்ளே நேர்ந்த கோளாறாக எண்ணி அது கூக்குரல் எழுப்புவதுண்டு. செயலி நேரமும் அப்படித்தான். ஒரே சர்வரில் அளவுக்கு மீறி வி.எம்.களை ஏற்றிவிட்டால், ஒவ்வொன்றும் தன் முறைக்காகக் காத்துக்கிடக்கும். லினக்ஸில் ‘டாப்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் வரிசையில், கடைசியாக எஸ்டி என்று ஓர் எண் இருக்கும். நமக்கு வரவேண்டிய செயலி நேரத்தில் எவ்வளவை ஹைப்பர்வைசர் வேறெங்கோ கொடுத்துவிட்டது என்பதை அது காட்டும். வி.எம். மெதுவாகிவிட்டது என்று புகார் வந்தால், தெரிந்தவர்களின் கண் முதலில் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

உள்ளே இருக்கும் சாட்சியை யாராவது விலைக்கு வாங்கிவிட்டால்? உள்ளே புகுந்த தீய நிரல், கண்காணிப்பவரின் வாயில் பொய்யை வைக்க முடியும். இதற்காகத்தான் 2003-இல் ஸ்டான்ஃபோர்டின் டால் கார்ஃபிங்கல், மெண்டல் ரோசன்ப்ளம் இருவரும் வேறு வழி காட்டினார்கள். ஹைப்பர்வைசர் வழியாக கெஸ்ட்டின் நினைவகத்தை வெளியிலிருந்தே படிப்பது என்பது அவர்கள் யோசனை. உள்ளே யாரும் தேவையில்லை. ஆனால் வெளியிலிருந்து தெரிவது வெறும் பிட்டுகள். எந்தப் பிட்டு எந்தக் கோப்பு, எந்தப் பிட்டு எந்த நிரல் என்று ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஏற்ப அர்த்தத்தைக் கட்டி எழுப்பவேண்டியிருக்கிறது. கடினமான வேலை, அதனால் அன்றாடக் கண்காணிப்பைவிடப் பாதுகாப்பு ஆய்வில்தான் இது அதிகம் பயன்படுகிறது.

உள்ளே வைத்த ஆளே வீட்டுக்குத் தீவைத்த கதையும் நடந்திருக்கிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் என்ற பாதுகாப்புக் கண்காணிப்பு மென்பொருளுக்கு, நம் நேரப்படி காலை 9:39-க்கு ஒரு புதுப்பிப்புக் கோப்பு போனது. தாக்குதல்களைக் கண்டுகொள்ளவேண்டிய அந்த மென்பொருள், விண்டோஸின் அடித்தளமான கெர்னலுக்குள் குடியிருப்பது. புதிய கோப்பின் வகைக்கு 21 உள்ளீடுகள் வரையறுக்கப்பட்டிருந்தன. மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப்போய், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டது. கெர்னல் விழுந்தது, நீலத்திரை வந்தது. 10:57-க்கே கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் அன்று பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

இதில் நம் பேச்சுக்கு வேண்டிய பகுதி, மீட்பு நடந்த விதம். மேசைமேல் இருந்த கணினிகளுக்கு ஓர் ஆள் நேரே போய், பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அந்தக் கோப்பை அழிக்கவேண்டியிருந்தது. வி.எம்.களுக்கு வெளியே ஒரு கை இருந்தது. விழுந்த வி.எம்.மின் வட்டைக் கழற்றி, நலமாக இருக்கும் இன்னொரு வி.எம்.மில் மாட்டி, கோப்பை நீக்கி, மறுபடி பழைய இடத்திலேயே மாட்டினார்கள். மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் மேகக்கணிமைச் சேவையில், திரும்பத்திரும்ப ரீஸ்டார்ட் செய்தே சிலருக்குச் சரியானது. 15 முறை வரை தேவைப்பட்டதாகச் சொன்னார்கள். உள்ளே எவ்வளவு ஆழமாக ஓர் ஆளை அனுமதிக்கிறோமோ, அவ்வளவு ஆழமாக அவர் தவறும் போகும். உள்ளேயிருந்து துடிப்பு அனுப்பும் சிறு நிரலுக்குக் கெர்னலில் இடம் தேவையில்லை என்பதை, மென்பொருள் வாங்குகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ரீஸ்டார்ட் என்றதும் இன்னொன்று. விஎம்வேரின் தானியங்கி ரீசெட்டுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வேறு மாதிரி அமைக்காவிட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் 3 முறைக்கு மேல் அது முயலாது. ரீசெட் செய்யும் முன், அந்த வி.எம்.மின் திரையை ஒரு படம் எடுத்து வைத்துவிடும். காரணம் சொல்லும் கடைசி வரி அந்தத் திரையில்தான் இருக்கும். மறுதொடக்கத்தில் அது அழிந்துபோகும். மூன்று முறைக்குப் பிறகும் எழாத மெஷின், ஒரு மனிதரிடம் வந்துசேர்கிறது.

அந்த மனிதர் சென்னையில் இருக்கலாம். சிறுசேரியிலும் தரமணியிலும் இரவுப் பணியில் இருப்பவர்கள், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் வி.எம்.களைப் பார்த்துக்கொள்கிறார்கள். நள்ளிரவில் அலர்ட் வருகிறது. திரையில் தெரிவது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சர்வர் பெயர், பக்கத்தில் ஒரு நிறம், ஒரு விழுக்காடு. அந்த மெஷின் யாருக்காக ஓடுகிறது என்று அதில் இருப்பதில்லை. அவர்கள் பொருட்டு நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு வி.எம்.மின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதிவையுங்கள். ‘இது நின்றால் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவு போகாது.’ ‘இது நின்றால் சம்பளப் பட்டியல் ஒருநாள் தள்ளிப்போகும்.’ சோதனையையும் அதற்கேற்ப வையுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு போலிப் பரிசோதனை முடிவை அனுப்பி, அது மறுமுனைக்குப் போய்ச்சேர்ந்ததா என்று பாருங்கள். சேராவிட்டால், புள்ளி பச்சையாகவே இருந்தாலும் அந்த இரவுப் பணியாளரை எழுப்புங்கள்.